என்எஸ்எஸ் முகாமில் வீடு வீடாகப் போக விடுங்கள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர்களுக்கு மாணவர்களின் வணக்கம்.

ஊர்வலம், கோயில் வளாகம் கூட்டுவது, கடைசி நாள் மருத்துவ முகாம் என்று ஏழு நாள் சிறப்பு முகாம் ஓடிவிடுகிறது. மருத்துவ முகாமுக்குப் பெரும்பாலும் நோய் வந்தவர்கள்தான் வருகிறார்கள். நோய் வர வாய்ப்புள்ளவர்களை முன்கூட்டியே பார்க்க எங்களை வீடு வீடாக அனுப்புங்கள்.

முதலில் தண்ணீர். நம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில், அதாவது போர் தண்ணீரில், ஃபுளோரைடு என்ற உப்பு அதிகம். அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கியது. ஆனாலும் குழாயில் தண்ணீர் வராத நாளில் போர் தண்ணீர்தான் குடிக்கவும் களி கிண்டவும். காய்ச்சினால் சரியாகிவிடும் என்று நம்புகிறார்கள். ஃபுளோரைடு காய்ச்சினால் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். பல்லின் எனாமல் உருவாகும் சுமார் எட்டு வயதுக்குள் இந்தத் தண்ணீரைத் தொடர்ந்து குடித்த குழந்தைக்குப் பல்லில் கறை நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. பல ஆண்டுகள் குடித்து எலும்பில் ஏறினால் முதுகும் மூட்டும் இறுகும். அதைப் பழையபடி ஆக்கும் மருந்து இல்லை. அதனால் சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் குடிக்க எந்தத் தண்ணீர், சமைக்க எந்தத் தண்ணீர் என்று கேட்க வேண்டும். போர் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்து, ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டுகிறதா என்று பார்க்க வேண்டும்.

அப்புறம் சர்க்கரை. வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்குச் சர்க்கரை உண்டா, இந்த நான்கை வைத்தே நூற்றுக்கு மதிப்பெண் போடும் இந்திய முறை இருக்கிறது. 60 அல்லது அதற்கு மேல் வந்தால் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பலாம். தையல்காரர் டேப் ஒன்று போதும். வீட்டுக்கே வந்து சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்கும் அரசுத் திட்டமான மக்களைத் தேடி மருத்துவம் 2021இல் தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டச் சாமனப்பள்ளியில்தான். அந்த ஊழியர்கள் பகலில் வரும்போது ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போனவர்கள் வீட்டில் இருப்பதில்லை. முகாமில் ராத்திரியும் ஊரிலேயே தங்கும் எங்களால் அவர்களைப் பார்க்க முடியும்.

மருந்து சொல்வது எங்கள் வேலை இல்லை. நோய் வர வாய்ப்புள்ளவர்களின் பட்டியலைக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் மட்டும் கொடுப்போம். பெயர்கள் வெளியே போகவே கூடாது. கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில் அது பெரிய வேதனையாகிவிடும்.

இரண்டு கோரிக்கைகள். முகாமுக்கு முன் ஒரு சனிக்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் எங்களுக்குப் பயிற்சி ஏற்பாடு செய்யுங்கள். அடுத்த ஆண்டும் அதே ஊரையே கொடுங்கள், பரிசோதனைக்குப் போகாதவர்களை மறுபடி போய்ப் பார்க்க வேண்டும்.