வளைகாப்பு விளையாட்டில் வயதானவர்களுக்கும் பங்கு உண்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

வளைகாப்பு வீடுகளில் இப்போது 'கேம்ஸ்' நடத்துவதைக் கண்டித்துச் சென்ற இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். மேல்நாட்டு பேபி ஷவரைப் பார்த்துச் செய்கிறார்கள், வந்திருக்கும் பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்பது அவர் குறை. நான் எழுபதைத் தாண்டியவள். போன மாதம் கும்பகோணத்தில் என் தம்பி பேத்தியின் வளைகாப்புக்குப் போய், ஆசை தீர விளையாடிவிட்டு வந்தேன். பெரியவர்கள் பெயரைச் சொல்லி அவர் எழுதியிருப்பதால் நானும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

சடங்கில் ஒன்றும் குறையவில்லை. முதலில் வேப்பங்காப்பு, அப்புறம் கண்ணாடி வளையல், சந்தனம், குங்குமம், பன்னீர், புளியோதரையிலிருந்து தயிர்சாதம் வரை கலந்த சாதங்கள், எல்லாம் முறைப்படி நடந்தது. சாப்பாடு முடிந்த பிறகுதான் பேத்தியின் தோழிகள் மைக்கைக் கையில் எடுத்தார்கள்.

கண்ணைக் கட்டிவிட்டுச் சின்னச் சின்னக் கிண்ணங்களை மூக்கருகே நீட்டினார்கள். உள்ளே, கைக்குழந்தைக்குக் கல்லில் உரைத்துக் கொடுக்கும் உரைமருந்துச் சாமான்கள்: வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு. இளம்பெண்கள் சுக்கைத் தாண்டவில்லை. கடைசியில் எனக்கும் சம்பந்தி வீட்டுப் பாட்டிக்கும்தான் போட்டி. மாசிக்காய்க்குச் சொல்லும்படியான வாசனை கிடையாது. தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன், சரி என்றார்கள். உருண்டையாக, மேலே முண்டும் முடிச்சுமாக விரலில் பட்டதும் சொல்லிவிட்டேன். கட்டை அவிழ்த்தால் சுற்றிலும் ஒரே கூட்டம். இதை எப்படி உரைப்பது, எப்போது கொடுப்பது, வசம்பை ஏன் சுட வேண்டும் என்று கேள்விமேல் கேள்வி. அந்தக் காலத்தில் செய்ததைச் சொன்னேன். ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர வேறு எதுவும் கொடுக்கக் கூடாது என்று இன்றைக்கு டாக்டர்கள் சொல்வதைத்தான் கேட்க வேண்டும், பச்சைக் குழந்தை நாக்கில் எதையும் தடவாதீர்கள் என்பதையும் சேர்த்தே சொன்னேன். அதன்பின் பொம்மைக்குத் துணி கட்டும் போட்டி. பழைய வேட்டித் துணியை முக்கோணமாக மடித்துக் கட்டிப் பழகிய கைகளுக்கு அதில் என்ன சிரமம்?

ஆனால் நான் எழுத உட்கார்ந்த காரணம் வேறு. என் கணவர் காலமான பிறகு எந்த வளைகாப்பிலும் வளையல் போட என்னைக் கூப்பிட்டதில்லை. குழந்தை இல்லாத என் நாத்தனார் மகளுக்கும் அதே கதிதான். பின்வரிசையில் உட்கார்ந்திருப்பாள், சாப்பிட்டதும் யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிடுவாள். அன்றைக்கு விளையாட்டு என்று வந்தபோது யார் சுமங்கலி, யார் பிள்ளை பெற்றவள் என்று ஒருவரும் பார்க்கவில்லை. "அத்தைப் பாட்டி, வாங்க" என்று என்னைக் கைபிடித்து அழைத்துப் போனார்கள். அவளையும் இழுத்து வந்து என் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அவள் வாய்விட்டுச் சிரித்ததைப் பார்த்து எத்தனையோ காலமாகிறது. வளையல் போடவும் எங்களைக் கூப்பிட வேண்டும், அதுதான் நியாயம். அதற்கு மனம் வராத பெரியவர்கள், பிள்ளைகள் செய்யும் இந்த நல்ல காரியத்தையாவது தடுக்காமல் இருக்கலாம்.

விளையாட்டு நமக்கு என்ன புதிதா? கல்யாணத்தில் குடத்துக்குள் மோதிரத்தைப் போட்டு மாப்பிள்ளையையும் பெண்ணையும் எடுக்கச் சொல்கிறோம். நலங்கில் அப்பளம் உடைக்கிறோம், தேங்காய் உருட்டுகிறோம். எங்கள் வீட்டில் மாசமான பெண்ணுக்குப் பொழுது போக, 14 குழிப் பலகையை எடுத்து வைத்துப் பல்லாங்குழி ஆடுவோம். வளைகாப்பன்று நாத்தனாரையும் மாமியாரையும் கேலி செய்து பாடியவர்கள் அந்த நாள் பாட்டிகள்தான்.

எல்லா விளையாட்டும் எனக்குப் பிடிக்கிறது என்று சொல்ல மாட்டேன். வயிற்றை ரிப்பனால் அளப்பது, ஏற்கெனவே களைத்து உட்கார்ந்திருக்கும் பெண்ணை எழுப்பி நிற்க வைக்கும் வேலை. ஆணா பெண்ணா என்று ஓட்டெடுப்பதை அடியோடு விட்டுவிட வேண்டும். கருவில் இருப்பது எது என்று சொல்வதே குற்றம் என்று 1994இல் சட்டம் போட்ட நாட்டில், சபை நடுவே இந்தக் கேள்வி எதற்கு? வேறொரு வீட்டில் பார்த்தேன். பையன் என்று கைகள் மளமளவென்று உயர்ந்தபோது அந்தப் பெண்ணின் முகம் சுருங்கிவிட்டது.

நடத்துகிற பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். உட்கார்ந்தபடியே ஆடக்கூடிய விளையாட்டாகச் சிலவற்றை வையுங்கள். சீட்டில் எழுதுவதைத் தமிழில், பெரிய எழுத்தில் எழுதுங்கள். மைக் சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கள், காது மந்தமானவர்களுக்கு இரைச்சலில் ஒன்றுமே புரியாது. "பாட்டிக்கு முடியாது" என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள், ஒரு வார்த்தை கேளுங்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்தவும் வேண்டாம்.

ஆசிரியரிடமும் ஒன்று கேட்கிறேன். வளைகாப்பில் பாடிய பழைய பாட்டுகளையும் ஆடிய விளையாட்டுகளையும் வாசகிகள் எழுதி அனுப்ப, உங்கள் இதழில் ஒரு பக்கம் ஒதுக்க முடியுமா? என் அம்மா பாடிய பாட்டு ஒன்றில் முதல் சில வரிகள்தான் எனக்கு நினைவிருக்கிறது. அவற்றை அனுப்புகிறேன், மீதி தெரிந்தவர்கள் யாராவது எழுதட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மன்னார்குடி.