என்னோட தமிழ் ராக் ஆல்பம் வந்தாச்சு, இவங்களுக்கெல்லாம் நன்றி

எல்லாருக்கும் வணக்கம். மெசேஜ் பண்ணவங்க, ஷேர் பண்ணவங்க எல்லாருக்கும் தனித்தனியா பதில் போட்டுட்டு தான் இருக்கேன், ஆனா சில பேருக்கு பொதுவுல நன்றி சொல்லியே ஆகணும், ஏன்னா கவர்ல என் பேரு தான் பெருசா இருக்கு, உள்ள இருக்கற உழைப்பு பல பேரோடது.

சிங்கப்பூர்ல தமிழ்ல ராக் பண்ணனும், லேபிள் கிடையாது, மேனேஜர் கிடையாது, பகல்ல வேலைக்கு போயிட்டு ராத்திரி பாட்டு எழுதணும்னா முதல்ல வேண்டியது ஒரு இடம். ஹெச்டிபி அடுக்குமாடி வீட்ல டிரம்ஸ் வாசிக்க முடியாது, ஆம்ப் போட்டாலே பக்கத்து வீட்ல குழந்தை எழுந்துடும். அதனால முதல் நன்றி ஜாமிங் ஸ்டூடியோ வச்சிருந்த நம்ம அபாங்குக்கு (மலாய்ல அண்ணன்). எங்களுக்கு அப்புறம் புக்கிங் இல்லன்னா கதவ தட்டவே மாட்டாரு, கேபிள் போச்சுன்னா அவரோடத குடுப்பாரு, தமிழ் ஒரு வார்த்தை தெரியாது, ஆனா கோரஸ் சரியா வந்து விழுந்தா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலைய ஆட்டுவாரு, அந்தத் தலையாட்டல் வர்ற வரைக்கும் நாங்க பாட்ட மாத்திக்கிட்டே இருப்போம். தெரிமா காசி (நன்றி), அபாங்.

பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் கிட்டார் கடை அங்கிளுக்கும் நன்றி, படிக்கற காலத்துல செகண்ட் ஹேண்ட் பெடல கொஞ்சம் கொஞ்சமா காசு குடுத்து வாங்க விட்டாரு, கிட்டார் சத்தத்த கரகரன்னு ஆக்கற அந்த பாஸ் (Boss) கம்பெனி டிஸ்டார்ஷன் பெடல் தான் ஆல்பத்துல பாதி பாட்டுல கேக்குது.

அடுத்து என்னோட செகண்டரி ஸ்கூல் தமிழ் டீச்சர். நான் வரி எழுதி அனுப்பினா பிழை மட்டும் திருத்த மாட்டாங்க, வாய்விட்டு படிச்சு பாத்து, "இங்க நீட்டி பாடறியே, குறில் இருக்கே, நெடில் வர்ற மாதிரி மாத்து"ன்னு சொல்லுவாங்க. மெட்டுல நீளமான நோட்டு வர்ற இடத்துல நெடில் இருந்தா பாடறதும் சுலபம், கேக்கறவங்களுக்கு அர்த்தமும் குழம்பாது. ரெண்டாவது பாட்டோட கோரஸ் முழுக்க இப்படி தான் திரும்ப எழுதினேன். இந்தப் பாடத்த எந்த மியூசிக் ஸ்கூல்லயும் எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்ல, டீச்சர்.

மிக்ஸ் பண்ண அண்ணனுக்கு எவ்வளவு சொன்னாலும் பத்தாது. டிஸ்டார்ஷன் கிட்டார ரெண்டு தடவ வாசிக்க வச்சு, ஒண்ண இடது பக்கம் ஒண்ண வலது பக்கம் தள்ளி, நடுவுல குரலுக்கு இடம் விட்டாரு. அப்படியும் ழகரம் ளகரம் எல்லாம் கிட்டாருக்குள்ள முழுகி போச்சு. உடனே கிட்டார்ல கெயின, அதாவது அந்த கரகரப்போட அளவ, குறைக்க சொல்லிட்டு, கிட்டார் சத்தத்துல 2ல இருந்து 4 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் உள்ள பகுதிய கொஞ்சம் இறக்கினாரு, மெய்யெழுத்து தெளிவா கேக்கறது அந்த இடத்துல தானாம். சவுண்டு சின்னதாயிடுமோன்னு எனக்கு பயம், ஆனா வார்த்தை புரிஞ்சதும் பாட்டே பெருசா கேட்டுச்சு. "தமிழ்ல பாடினா இங்க யாரு கேப்பா, இங்கிலீஷ்ல பாடுங்க"ன்னு ஒரு இடத்துல எங்கள திருப்பி அனுப்பினப்போ கூட இவரு, ஒரு வரிய கூட மாத்தாதன்னு சொன்னவரு.

பேஸ் வாசிக்கற தம்பி ஜொகூர்ல இருக்கான். 2020 மார்ச் 18ல கொரோனாவுக்காக மலேசியா எம்சிஓங்கற லாக்டவுன் போட்டதும் ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கற காஸ்வே தாண்டி வர முடியல, அப்புறம் இங்கயும் சர்க்கிட் பிரேக்கர்ங்கற லாக்டவுன். தினமும் ராத்திரி அவன் ரூம்ல ரெக்கார்ட் பண்ணி ஃபைல் அனுப்புவான், நான் இங்க குரல் வச்சு திருப்பி அனுப்புவேன். 2022 ஏப்ரல் 1 பார்டர் முழுசா திறந்த பிறகு தான் திரும்ப ஒரே ரூம்ல நின்னு வாசிச்சோம். அவன் விட்டுட்டு போயிருந்தா இந்த பேண்ட் அப்பவே முடிஞ்சிருக்கும்.

எங்களுக்கு முன்னாடி வழி போட்டவங்களையும் சொல்லணும். 1990ல நாடகக்காரர் குவோ பாவ் குன் ஆர்மீனியன் ஸ்ட்ரீட்ல ஆரம்பிச்ச சப்ஸ்டேஷன் கலை மையம், அதோட பின்பக்க தோட்டத்துல 90கள்ல நடந்த பேண்ட் கச்சேரிங்க பத்தி அண்ணன் கூட்டம் சொல்லி கேட்டே வளந்தவன் நான். 2021ல அந்த கட்டடத்த விட்டு அவங்க வெளியேறினது இன்னும் மனசுக்கு கஷ்டமா தான் இருக்கு. எஸ்பிளனேட் கலை அரங்கத்துல 2002ல இருந்து நடக்கற பேபீட்ஸ் இசை விழா இலவசம்ங்கறதால தான் என்னால போக முடிஞ்சது, நம்ம ஊரு பசங்க சொந்தப் பாட்டு பாடறத முதல் தடவ மேடைக்கு பக்கத்துல நின்னு கேட்டது அங்க தான்.

கிராண்ட் (நிதி உதவி) ஃபார்ம் நிரப்ப கூடவே உக்காந்த அக்கா, பாட்டு எழுதறவங்களுக்கு ராயல்டி வசூலிச்சு குடுக்கற காம்பஸ் (COMPASS) அமைப்புல பாட்ட பதிவு பண்ண சொல்லி விடாம தொல்லை பண்ண நண்பன், ரெண்டு பேருக்கும் நன்றி. ரேடியோல பாட்டு போனா எழுதினவனுக்கு காசு வரும்னு எனக்கு புரிய வச்சது அவன் தான்.

அப்புறம் காசு குடுத்து வாங்கின நீங்க. இசைக்கலைஞர்கள் பாட்ட நேரடியா விக்கற பேண்ட்கேம்ப் வெப்சைட்ல டிஜிட்டல் ஆல்பத்துக்கு 15 சதவீதம் அவங்க எடுத்துக்கறாங்க, அவங்க பங்க விட்டுக்குடுக்கற வெள்ளிக்கிழமைக்காக காத்திருந்து அன்னிக்கு பாத்து வாங்கினவங்க எத்தன பேரு! மிக்ஸிங் பில் உங்களால தான் கட்டி முடிச்சேன்.

அம்மா, அப்பா, வேலை முடிஞ்சு வந்தும் நான் ரூம் கதவ சாத்திக்கிட்டப்போ கோவிச்சுக்காம சாப்பாடு எடுத்து வச்சீங்க. உங்களுக்கு இந்த சத்தம் பிடிக்காதுன்னு தெரியும், ஆனா எல்லா ஷோவுக்கும் வந்தீங்க.

யாரு பேராவது கிரெடிட்ஸ்ல விட்டுப்போயிருந்தா தயவு செஞ்சு மெசேஜ் பண்ணுங்க, இந்த வாரமே சேத்துடறேன்.