முள்ளெலி வளர்ப்பவர்கள் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

போன இதழில் முள்ளெலி வளர்ப்பு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கூண்டு, தீவனம், விலை எல்லாம் சரி, நோய் பற்றி ஒரு வரிகூட இல்லையே! கீழக்கரையில் என் அக்கா மகன் சென்னையிலிருந்து ஆப்பிரிக்கக் குட்டை முள்ளெலி ஒன்றை வாங்கி வந்து வளர்க்கிறான். அதைக் கூடவே இருந்து பார்ப்பதால் எழுதுகிறேன்.

முதலில் சொறி. முள்ளின் அடியில் தவிடு தூவியது மாதிரி உதிரும், கண்ணோரம் பொருக்குத் தட்டும், முள் விழ ஆரம்பிக்கும். கப்பாரினியா என்ற நுண்ணிய உண்ணிதான் பெரும்பாலும் காரணம். தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் தெரிந்துவிடும், ஐவர்மெக்டின் போன்ற மருந்துக்கு அடங்கும். ஆனால் முழுதாக வளர்ந்தாலே அரைக் கிலோ தேறுகிற பிராணி அது, ஆட்டுக்குப் போடும் மருந்தில் ஒரு சொட்டு எடுத்துக் கண்ணளவாகப் போடுகிற வேலையெல்லாம் வேண்டாம்.

இதைவிடத் தொல்லை படர்தாமரை. டிரைக்கோஃபைட்டன் எரினேசி என்ற பூஞ்சை முள்ளெலியின் உடம்பில் எந்த அடையாளமும் காட்டாமலே இருக்கும், தூக்கிக் கொஞ்சியவர் கைக்கு வந்துவிடும். எங்கள் பையனுக்கு மணிக்கட்டில் வட்டமாகக்கூட வரவில்லை, சிவந்து தடித்துச் சின்னச் சின்னக் கொப்புளமாக வந்தது. மருந்துக் கடையில் ஏதோ ஸ்டீராய்டு கலந்த களிம்பைக் கொடுத்துவிட்டார்கள். முதலில் அமுங்கினாற்போல இருந்து, அப்புறம் முழங்கை வரை ஏறியது, இந்தக் கடற்கரைப் புழுக்கம் வேறு. தோல் டாக்டர் "வீட்டில் என்ன வளர்க்கிறீர்கள்?" என்று கேட்ட பிறகுதான் சரியான மருந்து கிடைத்தது. முள்ளெலி இருக்கிற வீட்டுக்காரர்கள் டாக்டர் கேட்கும்வரை காத்திருக்காமல் தாங்களே சொல்லிவிடுவது நல்லது.

வயிற்றுப்போக்கு உண்டாக்கும் சால்மோனெல்லா என்ற கிருமியும் உண்டு. முள்ளெலி திடமாகத்தான் இருக்கும், அதன் எச்சத்தில் கிருமி இருக்கும். கூண்டுத் தட்டை மீன் கழுவுகிற தொட்டியில் போட்டுக் கழுவுகிறவர்களை என்ன சொல்ல? ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் கையில் அதைக் கொடுக்கவே கூடாது.

வாயில் நுரை தள்ளி முதுகில் பூசிக்கொண்டால் மட்டும் பயப்பட வேண்டாம், புது வாசனை பட்டால் அப்படிச் செய்வது அதன் இயல்பு. கருவாட்டை முகர்ந்துவிட்டு அது அப்படிச் செய்ததைப் பார்த்து எங்கள் அம்மா, வெறி பிடித்துவிட்டது என்று தெருவையே கூட்டிவிட்டார்.

கட்டுரையைப் பார்த்துவிட்டு, காசு இல்லாத பையன்கள் நம் பனங்காட்டு முள்ளெலியைப் பிடிக்கக் கிளம்பிவிடக் கூடாது. அது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருகிற உயிர், பிடிப்பதே குற்றம். அடுத்த இதழில் இதையும் போடுங்கள், கூடவே ஒரு கால்நடை மருத்துவரிடம் கேட்டு மருந்து விவரத்தையும்.

கீழக்கரை வாசகி