வளைகுடா மருத்துவமனைகளில் வார்டு நடத்தும் தமிழ் ஹெட் நர்ஸ்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சகோதரிகளே, சகோதரர்களே,

ரியாத், தம்மாம், தோஹா, மஸ்கட், அபுதாபி என எங்கே இருந்தாலும், வார்டுப் பொறுப்பில் இருக்கும் உங்கள் மேசைக்கு இரண்டு வகைக் காகிதங்கள் வந்துகொண்டே இருக்கும். ஒன்று, குவாலிட்டி துறை கேட்கும் கணக்கு: இந்த மாதம் எத்தனை பேர் விழுந்தார்கள், எத்தனை பேருக்குப் படுக்கைப்புண், நோயாளிகளுக்குக் கத்தீட்டர் குழாய் இருந்த நாட்கள் எத்தனை. மற்றொன்று, பட்டத்துக்கு ஆய்வு செய்பவர் தரும் கேள்வித்தாள்: பணித் திருப்தி, மன அழுத்தம், வேலையை விட்டுப் போகும் எண்ணம். இரண்டாவதை ஆய்வு என்கிறோம். முதலாவதை ரிப்போர்ட் என்று சொல்லி மாதக் கடைசியில் அவசரமாக நிரப்பி அனுப்புகிறோம். அரபு உலகின் செவிலியர் நிர்வாகத்துக்கு இன்று வேண்டிய ஆய்வு அந்த ரிப்போர்ட்டில்தான் கிடக்கிறது. அதை ஒழுங்காக எடுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

ஆய்வு தெரிந்தவர்களுக்கு அங்கே பஞ்சமில்லை. பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் 1905 முதல் செவிலியர் பள்ளி இருக்கிறது. எகிப்தின் அலெக்சாந்திரியாவில் 1955இலும் ஜோர்டான் பல்கலைக்கழகத்தில் 1972இலும் செவிலியர் பட்டக் கல்வி வந்துவிட்டது. பஞ்சமெல்லாம் நம்பி எடுத்தாளக்கூடிய வார்டுக் கணக்குக்குத்தான். ஆள் கூட்டிக் கேட்டு நிர்வாகத்திடம் போகும்போது நாம் காட்டுவது 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வை: பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளில், அறுவை சிகிச்சை நோயாளிகளிடையே, ஒரு நர்ஸ் பார்க்கும் நோயாளி ஒருவர் கூடினால் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. அருமையான ஆய்வு. ஆனால் அந்த வார்டில் கட்டிலருகே முராஃபிக் (நோயாளியுடன் தங்கும் உறவினர்) கிடையாது, அரபி மட்டும் பேசும் நோயாளியைப் பார்க்கும் அரபி தெரியாத நர்ஸ் கிடையாது, ரமலான் ரோஸ்டர் கிடையாது. உங்கள் வார்டின் எண்ணை வைத்துப் பேசினால் நிர்வாகத்தால் அவ்வளவு எளிதாகத் தட்டிக்கழிக்க முடியாது.

விழுதலை எடுத்துக்கொள்வோம். மாத எண்ணிக்கையை மட்டும் எழுதினால் பயனில்லை. 1000 நோயாளி-நாட்களுக்கு எத்தனை என்று எழுத வேண்டும். நள்ளிரவு எண்ணிக்கையைத் தினமும் கூட்டினால் நோயாளி-நாட்கள் வந்துவிடும். 24 கட்டில் வார்டில் சராசரி 20 பேர் என்றால் 30 நாளில் 600. இரண்டு பேர் விழுந்தால் 3.3, மூன்று பேர் விழுந்தால் 5. ஒரே ஒருவர் கூடுதலாக விழுந்ததும் '50 சதவீத உயர்வு' என்று மீட்டிங்கில் உங்களை நிற்க வைத்துக் கேட்கிறார்கள். சின்ன வார்டில் அது வெறும் தற்செயலாகவே இருக்கலாம். குறைந்தது 12 மாதப் புள்ளிகளைக் கோட்டுப்படமாகப் போட்டு, நடுவில் இடைநிலைக் கோடு (மீடியன்) வரையுங்கள். தொடர்ந்து 6 புள்ளிகள் கோட்டின் ஒரே பக்கம் விழுந்தால் ஏதோ மாறியிருக்கிறது என்று பொருள். அதுவரை யாருக்கும் மெமோ கொடுக்க வேண்டாம்.

எது விழுதல் என்பதிலும் ஆளுக்கொரு கணக்கு ஓடுகிறது. தள்ளாடியவரை நர்ஸ் தாங்கிப்பிடித்து மெல்லத் தரையில் உட்கார வைத்தால் அதுவும் விழுதல்தான். 'உதவியுடன் விழுதல்' என்று எழுத வேண்டும். பல வார்டுகளில் இது ஏறுவதே இல்லை. நோயாளி விழும் ஆபத்தை மதிப்பெண் போட்டுக் கணிக்கும் மோர்ஸ் அளவுகோலில் இன்னொரு சிக்கல். துணை நோய் இருந்தால் 15, ஐவி (நரம்பில் ஏற்றும் ஊசிக்குழாய்) இருந்தால் 20, நடை பலவீனம் என்றால் 10; கூட்டினால் 45. பல இடங்களில் அதுவே அதிக ஆபத்துக்கான எல்லை. மெடிக்கல் வார்டில் பாதிக்கு மேல் இந்த வலையில் சிக்கிவிடுவார்கள். விழும் ஆபத்தைக் குறிக்கும் மஞ்சள் பட்டை எல்லோர் கையிலும் இருந்தால், உண்மையிலேயே விழப்போகிறவரை அது எப்படிக் காட்டும்? நடைத்துணைக் கட்டத்தைப் பாருங்கள்: ஒன்றுமில்லை அல்லது நர்ஸ் உதவி 0, ஊன்றுகோல் அல்லது வாக்கர் 15, மேசை நாற்காலியைப் பிடித்து நடந்தால் 30. மகனின் தோளைப் பிடித்து நடக்கும் முதியவருக்கு என்ன மதிப்பெண்? அளவுகோலில் அதற்கு இடமே இல்லை. ஒரு நர்ஸ் 0 போடுவார், அடுத்த ஷிஃப்டில் வருபவர் 30 போடுவார். வார்டு முழுக்க ஒரே முடிவாக எடுத்து, எழுதி, கௌண்டரில் ஒட்டுங்கள். விழுந்த நேரம், இடம், அப்போது முராஃபிக் அருகில் இருந்தாரா, தூங்கினாரா, வெளியே போயிருந்தாரா என்பதற்கும் தனித்தனிக் கட்டம் வையுங்கள். விடியலுக்கு முன் ஃபஜ்ர் தொழுகைக்காக உளூச் செய்ய (கை, கால், முகம் கழுவ) எழுந்தபோது விழுந்தாரா என்பதை, நேரம் எழுதியிருந்தால்தான் பின்னால் சொல்ல முடியும்.

அடுத்தது நர்ஸ் மணிநேரம். பகலில் நால்வர், இரவில் நால்வர், ஆளுக்கு 12 மணி; மொத்தம் 96 மணி; 20 நோயாளிகளால் வகுத்தால் ஆளுக்கு 4.8 மணி. ரோஸ்டரைப் பார்த்துப் போட்டால் இந்த எண் பொய்யாகிவிடும். தனக்கென நோயாளி எடுக்காமல் ஷிஃப்டை மேற்பார்க்கும் சார்ஜ் நர்ஸைச் சேர்க்கக் கூடாது. லைசென்ஸ் வராமல் ஓரியண்டேஷனில் இருப்பவரையும் சேர்க்கக் கூடாது. 4 மணி நேரம் வேறு வார்டுக்கு ஃப்ளோட் போனவருடைய 4 மணியை இங்கே கழித்து அங்கே கூட்ட வேண்டும். ஷிஃப்ட் முடிவில் ஹேண்டோவர் தாளின் அடியில் 'உண்மையில் இருந்தவர்கள், மணிநேரம்' என ஒரு வரி சேர்த்தால் போதும். மாதக் கடைசியில் நினைவிலிருந்து எழுதுவது கணக்காகாது.

நாட்காட்டியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சவூதி தொழிலாளர் சட்டப்படி ரமலானில் முஸ்லிம் ஊழியர்களுக்கு நாளுக்கு 6 மணி, வாரத்துக்கு 36 மணிதான் உச்சவரம்பு. அதனால் ரோஸ்டரே வேறாகிவிடும். நோயாளியின் சாப்பாடு, மாத்திரை, இன்சுலின் நேரமும் இஃப்தார் (மாலையில் நோன்பு திறப்பது), சஹர் (விடியலுக்கு முந்தைய உணவு) என்று நகரும். சவூதியில் 2023 மார்ச்சில் ரமலான் 23ஆம் தேதி தொடங்கியது. 2025இல் மார்ச் மாதம் ஏறக்குறைய முழுவதுமே ரமலான். இந்த இரண்டு மார்ச்சையும் அருகருகே வைத்து 'பயிற்சிக்கு முன், பயிற்சிக்குப் பின்' என்று அறிக்கை எழுதினால், நீங்கள் அளந்தது பயிற்சியின் பலனையா நோன்பின் பலனையா? ஒவ்வொரு வரிசைக்கும் ஹிஜ்ரி (இஸ்லாமிய நாட்காட்டி) மாதம் என ஒரு பத்தி கூடுதலாக இருக்கட்டும். பிறந்த தேதி ஹிஜ்ரியில் பதிவானவர்களுக்கு வயதைச் சிஸ்டம் சரியாக மாற்றியிருக்கிறதா என்றும் பாருங்கள். பெயரை வைத்துப் பதிவுகளை இணைக்க வேண்டாம். ஒரே முஹம்மதை மூன்று எழுத்துக்கூட்டலில் எழுதியிருப்பார்கள். ஃபைல் நம்பர் மட்டுமே அடையாளம்.

இவ்வளவும் எதற்கு என்பவர்களுக்கு ஜோர்டானின் சர்க்கா நகரைச் சொல்வோம். 2012 ஏப்ரலில் அங்கே ஒரு மருத்துவமனையில் காரணம் தெரியாத நுரையீரல் நோய் பரவியது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் மருத்துவமனை ஊழியர்கள். இறந்த இருவரில் ஒருவர் நர்ஸ். மூச்சுக் கோளாறு தரும் மெர்ஸ் வைரஸ் என்று ஒன்று இருப்பதே அந்த ஆண்டின் பிற்பகுதியில், ஜித்தா நோயாளி ஒருவரின் மாதிரியிலிருந்துதான் உலகத்துக்குத் தெரிந்தது. சர்க்காவில் எடுத்த மாதிரிகள் பத்திரமாக இருந்ததால் மறுபடி சோதித்து, அதுவும் மெர்ஸ்தான் என்று உறுதிசெய்தார்கள். எந்தத் தேதியில் எந்தக் கட்டிலை யார் பார்த்தார் என்ற டூட்டி ஒதுக்கீட்டுத் தாள் இத்தகைய விசாரணைக்கு உயிர்நாடி. உங்கள் வார்டில் அந்தத் தாளை ஷிஃப்ட் முடிந்ததும் கிழித்துப் போடுகிறீர்கள் என்றால் இன்றே நிறுத்துங்கள்.

கேள்வித்தாளே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் உங்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கச் சிபாரிசு செய்பவரே கேள்வித்தாளைக் கொடுத்து, திரும்ப வாங்கவும் செய்தால் எந்த ஸ்டாஃப் உண்மை எழுதுவார்? பாதுகாப்புக் கலாசாரம் பற்றி அரபு நாடுகளில் நடந்த பல ஆய்வுகளில், 'தவறுக்குத் தண்டிக்காத அணுகுமுறை' என்ற பகுதிதான் மிகக் குறைந்த மதிப்பெண் வாங்கியவற்றில் ஒன்று. அந்தப் பயம் இந்தத் தாளை நிரப்பும்போதும் கூடவே இருக்கும். பெயர் எழுத வேண்டாம் என்றால் மட்டும் போதாது. நாடு, வார்டு, பால், அனுபவ ஆண்டு நான்கையும் கேட்டால், பிறந்த குழந்தைகள் தீவிரப் பிரிவில் இருக்கும் ஒரே ஆண் நர்ஸ் யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். இரண்டைக் கேளுங்கள், அதையும் பெரிய பிரிவுகளாக. 5 பேருக்குக் குறைந்த குழுவின் முடிவைத் தனியாக வெளியிடாதீர்கள்.

நோயாளியிடம் கேட்பதென்றால் அதே வார்டு நர்ஸ் பேட்ஜுடன் கட்டிலருகே நின்று கேட்கக் கூடாது. வேறு பிரிவிலிருந்து, அரபி பேசுபவர், டிஸ்சார்ஜ் எழுதிய பிறகு கேட்கட்டும். பதில் சொன்னது நோயாளியா, கணவரா, மகனா என்று குறியுங்கள். பல இடங்களில் முராஃபிக் முந்திக்கொண்டு பதில் சொல்வார், அது நோயாளியின் கருத்தாகப் பதிவாகிவிடும். கோடு போட்டு வலியை அளக்கும் அளவுகோலில் கவனம் தேவை: அரபி வலமிருந்து இடமாகப் படிக்கப்படுவதால் பூஜ்யத்தை வலப்பக்கம் தேடுகிறவர்கள் உண்டு. எந்தப் பக்கம் பூஜ்யம் என்று முடிவுசெய்து, ஆய்வு முடியும்வரை அதே தாளைப் பயன்படுத்துங்கள்.

அனுமதி வாங்குவதைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். இது தர மேம்பாடுதானே என்று தொடங்கிவிட்டு, முடிவு நன்றாக வந்ததும் கட்டுரை எழுத உட்கார்ந்தால், அறநெறிக் குழுவின் அனுமதி எண்ணை ஜர்னல் கேட்கும். நடந்து முடிந்ததற்குப் பின்தேதியிட்டு எந்தக் குழுவும் அனுமதி தராது. முதல் வரிசையை நிரப்பும் முன்பே, அனுமதி அல்லது விலக்கு, இரண்டில் ஒன்றை எழுத்தில் வாங்கிவிடுங்கள். நோயாளி விவரத்தை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுத் தொகுக்கும் பழக்கம் அடியோடு நிற்க வேண்டும்.

உங்கள் உழைப்புக்கான பெயரையும் கேட்டு வாங்குங்கள். தரவு எடுத்துக் கொடுத்தால் மட்டும் ஆசிரியர் பட்டியலில் இடம் கிடைக்காது என்பது மருத்துவ ஜர்னல்களின் பொது விதி. வடிவமைப்பு, தரவு, பகுப்பாய்வு இவற்றில் கணிசமான பங்கு, எழுதுவதில் அல்லது திருத்துவதில் பங்கு, இறுதி வடிவுக்கு ஒப்புதல், உள்ளடக்கத்துக்குப் பொறுப்பு, நான்கும் வேண்டும். முதல் கூட்டத்திலேயே 'வரையறைகளை நாங்கள் எழுதுகிறோம், வரைவைத் திருத்தவும் செய்வோம்' என்று சொல்லி, மினிட்ஸில் ஏற்றிவிடுங்கள். கடைசியில் கேட்டால் நன்றி வரியோடு முடிந்துவிடும்.

ஃபைனல் எக்ஸிட் (வேலை முடித்து நாட்டை விட்டு வெளியேறும் அனுமதி) வாங்கி ஊர் திரும்பும்போது, எதை விழுதலாக எண்ணினோம், யாரை மணிநேரத்தில் சேர்த்தோம், முராஃபிக் தோளுக்கு எத்தனை மதிப்பெண் போட்டோம் என்ற அந்த ஒரு பக்கத் தாளை அடுத்த ஹெட் நர்ஸிடம் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். அவர் வரையறையை மாற்றினால் மாற்றட்டும்; மாற்றிய தேதியில் கோட்டுப்படத்தில் ஒரு செங்குத்துக் கோடு போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அரபு நாடுகளில் செவிலியர் நிர்வாகத்திலும் ஆய்விலும் பணிபுரியும் தமிழ்ச் செவிலியர்கள்