கடை கைமாறினால் போதுமா?

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை நேரத்துக்குப் போட்டுக்கொள், படிப்பதைக் கொஞ்ச நாள் தள்ளி வை. இங்கே எல்லாரும் நலம். சியாட்டிலில் மழை, அது ஒரு செய்தியே இல்லை.

"இரண்டு கடைக்காரர்கள் மனமொத்து ஒன்று சேர்ந்தால் நடுவில் அரசாங்கத்துக்கு என்ன வேலை?" என்று கேட்டிருந்தாய். மளிகைக்கடை வீட்டில் வளர்ந்த நீயா இப்படிக் கேட்பது! சரி, எங்கள் ஊர்க் கதையையே சொல்கிறேன்.

2022 அக்டோபரில், அமெரிக்காவின் பெரிய மளிகைக்கடை நிறுவனமான க்ரோகர், இன்னொரு பெரிய மளிகைக்கடை நிறுவனமான ஆல்பர்ட்சன்ஸை 2,460 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக அறிவித்தது. இங்கே இருக்கும் ஃப்ரெட் மேயர், க்யூ.எஃப்.சி. கடைகள் க்ரோகருடையவை, சேஃப்வே ஆல்பர்ட்சன்ஸுடையது. சேர்ந்தால் நாடு முழுக்க ஏறக்குறைய 5,000 கடைகள், 7 லட்சம் ஊழியர்கள். ஆனால் இப்படிப்பட்ட இணைப்புகளை விசாரிக்கிற அரசு அதிகாரிகள் அந்தப் பெரிய கணக்கோடு நிற்பதில்லை. பாலுக்கும் ரொட்டிக்கும் யாரும் ஐம்பது மைல் வண்டி ஓட்டுவதில்லையே. அதனால் ஊர் ஊராக, பேட்டை பேட்டையாகப் பிரித்து, இணைந்தபின் அங்கே எத்தனை போட்டியாளர்கள் மிஞ்சுவார்கள் என்று பார்க்கிறார்கள்.

வால்மார்ட்டும் காஸ்ட்கோவும் அமேசானும் இருக்கும்போது நாங்கள் எம்மாத்திரம் என்பது கம்பெனிகளின் வாதம். வியாபாரத்தில் போட்டி குறையாமல் பார்த்துக்கொள்ளும் அமெரிக்க அரசின் மத்திய வர்த்தக ஆணையம், வால்மார்ட்டின் பெரிய கடைகளைப் போட்டியாளர் கணக்கில் சேர்த்தது, காஸ்ட்கோவைச் சேர்க்கவில்லை. மாதம் ஒருமுறை அரிசி மூட்டைக்குப் போகும் இடமும், கொத்தமல்லி தீர்ந்தால் ஓடும் இடமும் ஒன்றா? இதில் நான் ஆணையத்தின் பக்கம்.

எதிர்ப்பு வரும் என்று கம்பெனிகளுக்குத் தெரியும். போட்டி குறையும் இடங்களில் 579 கடைகளை சி அண்ட் எஸ் என்ற மொத்த வியாபார நிறுவனத்துக்கு விற்றுவிடுகிறோம் என்றார்கள். எங்கள் வாஷிங்டன் மாநிலத்தில் மட்டும் 124. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வைத்தியத்தை ஏற்கெனவே ஒருமுறை செய்து பார்த்தாயிற்று.

2015இல் இதே ஆல்பர்ட்சன்ஸ் சேஃப்வேயை வாங்கியது. அப்போதும் ஆணையம் கடைகளை விற்கச் சொல்லித்தான் அனுமதித்தது. அவற்றில் 146 கடைகளை எடுத்துக்கொண்டது, எங்களுக்கு வடக்கே பெல்லிங்ஹாமில் இருந்த ஹேகன் என்ற சின்ன மளிகைக்கடை நிறுவனம். அவர்களிடம் அதுவரை இருந்தது 18 கடைகள்! சில மாதங்களில் கலிபோர்னியா, அரிசோனா வரை 164 கடைகளாகின. சரக்கு வரத்து, விலைப்பட்டியல், ஆள் எதுவும் ஈடுகொடுக்கவில்லை. விலை கூடிவிட்டது என்று வாடிக்கையாளர்கள் விலகினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் திவால் மனு. விலைத் தகவலைத் தவறாகக் கொடுத்து எங்களைக் கவிழ்த்தார்கள் என்று ஆல்பர்ட்சன்ஸ் மீது நூறு கோடி டாலர் கேட்டு ஹேகன் வழக்குப் போட்டது, பிறகு சமரசமானது. விற்ற கடைகளில் பலவற்றை ஆல்பர்ட்சன்ஸே திரும்ப வாங்கிக்கொண்டது. கடைசியில் ஹேகனையும், பெயரோடு சேர்த்து.

உங்கள் அப்பா கடையை விற்றபோது வாங்கினவருக்குக் கட்டடமும் தராசும் கிடைத்தன. எந்த வீட்டுக்கு எத்தனை நாள் கடன் கொடுக்கலாம், எந்த மண்டியில் பருப்பு மலிவு என்பதெல்லாம் அப்பாவின் தலையில் அல்லவா இருந்தது? சி அண்ட் எஸ் விஷயமும் அதேதான். கிடங்கு வியாபாரத்தில் அவர்கள் பெரிய ஆட்கள். சில்லறையில் கையில் இருந்தவை 23 கடைகள்.

க்ரோகர்-ஆல்பர்ட்சன்ஸ் இணைப்பைத் தடுக்க முதலில் வழக்குப் போட்டது எங்கள் மாநிலம்தான், 2024 ஜனவரியில். அடுத்த மாதம் ஆணையமும் வந்தது. விசாரணையில் ஒரு மின்னஞ்சல் வெளிவந்தது: பால், முட்டை விலையைக் கொள்முதல் செலவு ஏறியதற்கும் மேலே ஏற்றியிருக்கிறோம் என்று க்ரோகரின் விலை நிர்ணய அதிகாரியே உள்ளுக்குள் எழுதியிருந்தார். இணைந்தால் நூறு கோடி டாலர் அளவுக்கு விலையைக் குறைப்போம் என்று வெளியே வாக்குக் கொடுத்ததும் இதே நிறுவனம்தான். டிசம்பர் 10 அன்று போர்ட்லாந்தில் நீதிபதி ஏட்ரியன் நெல்சன் இணைப்பை நிறுத்திவைத்தார். சி அண்ட் எஸ் சரியான போட்டியாளராக நிற்கும் என்பதை அவர் நம்பவில்லை. அன்றே சியாட்டில் நீதிமன்றமும் தடுத்தது. மறுநாளே ஆல்பர்ட்சன்ஸ் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு, க்ரோகர் மீதே வழக்குத் தொடுத்தது. கல்யாணம் நின்ற மறுநாளே சீர்வரிசைச் சண்டை!

தடுத்ததால் எல்லாம் சுபம் என்று நினைத்துவிடாதே. 2025இல் க்ரோகர் சுமார் 60 கடைகளை மூடப்போவதாக அறிவித்தது. கென்ட், எவரெட் ஊர்களின் ஃப்ரெட் மேயர்களும் மூடப்பட்டன. திருட்டும் செலவும் கூடிவிட்டதாகக் காரணம் சொன்னார்கள். நீதிமன்றம் இணைப்பைத் தடுக்கலாம், கடையைத் திறந்து வை என்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனாலும் எதிர்ச்சாரியில் இன்னொரு முதலாளியின் கடை இருக்கும்வரை முட்டை விலையை இஷ்டத்துக்கு ஏற்றக் கொஞ்சம் யோசிப்பார்கள். எனக்கு அது போதும்.

அப்புறம், பொங்கலுக்கு ஊர் வர டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் பழைய கடை இருந்த இடத்தில் இப்போது என்ன நடக்கிறது என்று எழுது. லட்சுமிக்கு என் அன்பைச் சொல்.

அன்புடன்,
ரகு