தடைக்காலக் கருவிகளைக் காப்போம்

ஆசிரியர் அவர்களுக்கு,

1985இல் பிரித்தானியாவில் வெளிவந்த சின்கிளெயர் சி5 என்ற மூன்று சக்கர மின்வண்டியை வாங்கியோர் குறைவு. அந்த ஆண்டே உற்பத்தி நின்றது. ஆனாலும் அங்கே அதை நூதனசாலையில் வைத்திருக்கிறார்கள்.

இலங்கைப் போரின்போது பொருட்கள் வரவிடாத பொருளாதாரத் தடைக்காலத்தில் எங்கள் வன்னியில் உருவான கருவிகள் எங்கே? பற்றரி கிடைக்காதபோது சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டோம். சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள், பஞ்சுத் திரி போட்ட ஜாம் போத்தல் விளக்கு... 2002இல் வன்னியூடாகச் செல்லும் கண்டி-யாழ்ப்பாண ஏ9 வீதி மறுபடி திறந்து பொருட்கள் வந்ததும் இவற்றின் தேவை குறைந்தது. மிஞ்சியவையும் இறுதிப்போர் இடப்பெயர்வில் போயின.

அவற்றைச் செய்த மெக்கானிக்மார் சிலர் இன்னும் எங்களிடையே இருக்கிறார்கள். அவர்களைக் கொண்டே மறுபடி செய்வித்து, கிளிநொச்சியில் ஓர் அறையிலாவது பிரதேச சபை காட்சிக்கு வைக்க வேண்டும்.

வாசகர், கிளிநொச்சி