உங்கள் 'ஹாஸ்பிட்டல் டேங்க்' செட்டில் உள்ள தவறான குறிப்புச்சீட்டு பற்றிய புகார்

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை – 600 021.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: நோயுற்ற மீன்களுக்கான தனித்தொட்டி – தவறான செய்முறைக் குறிப்பு – திருத்தவும் பணத்தைத் திருப்பித் தரவும் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். எங்கள் வீட்டு ஏஞ்சல் மீன்களுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தது. துடுப்பெல்லாம் ரவையைத் தூவினாற்போல் புள்ளிகள். அவற்றைப் பிரித்து வைத்து வைத்தியம் பார்க்கத்தான் உங்கள் செட்டை வாங்கினேன். தொட்டி, பில்டர், ஹீட்டர், மெத்திலீன் ப்ளூ என்ற நீல மருந்து பாட்டில், தமிழில் ஒரு குறிப்புச்சீட்டு எல்லாம் இருந்தன. சீட்டில் சொன்னபடியே செய்தேன். இரண்டு மீன்களும் செத்துவிட்டன.

முதலில் கார்பன் விஷயம். ராத்திரி மருந்து ஊற்றியபோது பின்னால் இருந்த ஹீட்டரே தெரியாத அளவுக்குத் தண்ணீர் நீலமாக இருந்தது. விடிந்து பார்த்தால் பளிச்சென்று தெளிந்து கிடக்கிறது. 'நீலம் மறைந்தால் மருந்து வேலை செய்துவிட்டது' என்கிறது உங்கள் சீட்டு. இது சுத்தத் தவறு. பில்டருக்குள் நீங்களே வைத்து அனுப்பிய கார்பன் மருந்தை உறிஞ்சிவிட்டது. அந்தக் கார்பன் இருக்கும் உறையைத்தான் 'கார்ட்ரிட்ஜை எக்காரணம் கொண்டும் கழற்றாதீர்கள்' என்று தடித்த எழுத்தில் வேறு போட்டிருக்கிறீர்கள். கொளத்தூரில் நான் வழக்கமாக மீன் வாங்கும் கடைக்காரரிடம் சீட்டைக் காட்டினேன். "மருந்து போடும்போது கார்பனை எடுத்துடணும்ணா. இது தெரியாமலா கம்பெனி நடத்துறாங்க?" என்றார்.

வெள்ளைப்புள்ளிக் கிருமி மீனின் தோலுக்குள் இருக்கும்வரை மருந்து அதைத் தொடாது. அது முதிர்ந்து உதிர்ந்து, தொட்டியின் அடியில் ஒட்டிப் பெருகி, அதன் குஞ்சுகள் அடுத்த மீனைத் தேடி நீந்தும்போதுதான் மருந்திடம் மாட்டும். அதனால் தண்ணீரில் மருந்து தொடர்ந்து இருந்துகொண்டே இருக்க வேண்டும். புள்ளி மறைந்த பிறகும் சில நாள் தொடர வேண்டும். நீங்களோ புள்ளி மறைந்ததுமே பெரிய தொட்டிக்கு மாற்றச் சொல்கிறீர்கள். அப்படிச் செய்பவர் வீட்டில் நன்றாக இருக்கும் மீன்களுக்கும் நோய் தொற்றலாம்.

அப்புறம் அளவு. பெட்டியில் 30 லிட்டர் என்று இருக்கிறது. டேப் வைத்து உள்பக்கம் அளந்தேன்: நீளம் 39 செ.மீ., அகலம் 24, உயரம் 24. விளிம்புவரை நிரப்பினாலும் 22½ லிட்டரைத் தாண்டாது. நீங்கள் கோடு போட்டிருக்கும் 20 செ.மீ. வரை ஊற்றினால் 19 லிட்டர்கூட வராது. மருந்தளவு மட்டும் 30 லிட்டருக்கு. ஏற்கெனவே மூச்சுவிடத் திணறும் மீனுக்கு ஒன்றரை மடங்குக்கு மேல் டோஸ் போகிறது.

'முதல் வாரம் தண்ணீர் மாற்ற வேண்டாம்' என்ற வரியைத்தான் என்னால் பொறுக்கவே முடியவில்லை. மீன் கழிவில் சேரும் அம்மோனியா மீனுக்கு விஷம். புத்தம் புது பில்டரில் அந்த அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா இருக்காது. அது வளர வாரக்கணக்கில் ஆகும். மெத்திலீன் ப்ளூ அதையும் கெடுக்கும். அப்படியானால் தினமும் கொஞ்சம் தண்ணீரை மாற்றி, எடுத்த அளவுக்கு மட்டும் மருந்து சேர்ப்பதுதான் வழி. என் தொட்டியில் அம்மோனியா டெஸ்ட் கரும்பச்சை காட்டியது, அதாவது அம்மோனியா மிக அதிகம். மீன்கள் தண்ணீர் மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறையும் என்று தெரிந்தும் ஹீட்டர் தருகிறீர்கள், தண்ணீரில் காற்றுக் குமிழி விடும் ஒரு ஏர்ஸ்டோன் தருவதில்லை.

எங்கள் பக்கம் குழாயிலும் லாரியிலும் வரும் மெட்ரோ வாட்டரில் குளோரின் உண்டு. அதைப் போக்குவது பற்றியும் சீட்டில் ஒரு வரி இல்லை. நான் எப்போதும் போல குளோரினைப் போக்கும் மருந்தைப் போட்டுவிட்டேன். முதல்முறை மீன் வளர்க்கும் பிள்ளைகள் அப்படியே பிடித்து ஊற்றுவார்கள்.

உங்கள் எண்ணுக்குப் போன் செய்தால், "மீனுக்கெல்லாம் வாரண்ட்டி கிடையாது சார்" என்றார்கள். நான் மீனுக்கு வாரண்ட்டி கேட்கவில்லை. நீங்கள் அச்சடித்துக் கொடுத்த சீட்டுக்குப் பொறுப்பு கேட்கிறேன். சரியான பயன்பாட்டுக்குப் போதிய குறிப்பு தராமல் பாதிப்பு வந்தால் தயாரிப்பாளர் பொறுப்பு என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது.

செட்டின் முழு விலையையும் திருப்பித் தாருங்கள். சீட்டைத் திருத்துங்கள், பெட்டியில் உண்மையான லிட்டரைப் போடுங்கள், கார்பனுக்குப் பதில் வெறும் ஸ்பாஞ்ச் வையுங்கள். இதை ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு உடனே தகவல் அனுப்புங்கள். இன்று யாரோ ஒருவர் அந்தச் சீட்டைப் பார்த்து மருந்து ஊற்றிக்கொண்டிருப்பார். 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும், அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் முறையிடுவேன். பில் நகல், குறிப்புச்சீட்டு, தொட்டியை அளந்த படங்கள், டெஸ்ட் படங்கள் ஆகியவற்றை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்